முதன்மை அச்சு: வரைவதற்கு முன்னால் தேடிப் பிடிப்போம்

பக்கத்து வீட்டு அம்மணி பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம் ஒளியியல் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, எல்லாப் படத்துலயும் நடுவுல ஒரு கோடு போடச் சொல்றாங்க. அது எதுக்குங்க? போடலைன்னா லென்ஸ் வேலை செய்யாதுங்களா?"

நல்ல கேள்வி. நான் பதினைந்து வருடமாகச் சோமனூர்ப் பக்கம் விசைத்தறித் துணியைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன், தினமும் கையில் பிக் கிளாஸ் என்கிற சின்ன லென்ஸோடுதான் பொழுது போகிறது. அவள் கேட்டதை ஒன்பதாம் வகுப்பில் நானும் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் மனப்பாடம் செய்துவிட்டேன். லென்ஸ் தாராளமாக வேலை செய்யும் என்றுதான் அவளுக்குச் சொன்னேன். நாம் பென்சிலைத் தொடும் முன்பே அந்தக் கோடு கண்ணாடித் துண்டுக்குள் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தாளில் எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான். கண்டுபிடிப்பது எப்படி என்று அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து செய்து காட்டினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், புதிதாகப் படிப்பவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

வேண்டியது கொஞ்சம்தான்: ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பூதக்கண்ணாடி ஒன்று, ஒரு செல்போன் டார்ச், டைல்ஸ் போட்ட தரை, ஸ்கேல், ஸ்கெட்ச் பேனா, பழைய ரப்பர் பந்து, கடைசியில் தூக்கிப் போட ஒரு கெட்டி அட்டை நோட்டு.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது

அச்சு என்றால் நம் பக்கத்தில் ஒரு பொருள் இல்லை. கைத்தறியில் பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்பு மாதிரியான சட்டத்துக்கு அச்சு என்று பேர். கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் ஊற்றி எடுப்பதும் அச்சுதான். மாட்டு வண்டியின் இரண்டு சக்கரத்தையும் தாங்கி நிற்கும் இரும்பும் அச்சு. இயற்பியலில் வருகிற அச்சு இந்தக் கடைசி ஜாதி. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நட்ட நடுவில் ஓடும் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது இல்லையா, அந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பூதக்கண்ணாடியை ஒரு புத்தகத்தின் மேல் பிடித்து, இடத்தை விட்டு நகர்த்தாமல், வண்டிச் சக்கரம் போல அப்படியே சுற்றிப் பாருங்கள். தெரிகிற எழுத்து அசையாது. லென்ஸ் சுற்றியது தெரியவே தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் உடனே எழுத்து ஓடுகிறது. சுற்றினால் எதுவும் மாறாத அந்த நடுக்கோடுதான் லென்ஸின் முதன்மை அச்சு. 'முதன்மை' என்று ஏன் சேர்க்கிறார்கள் என்றால், லென்ஸின் நடுப்புள்ளி வழியாகச் சாய்வாகவும் எத்தனையோ கோடு போடலாம், அவற்றையெல்லாம் துணை அச்சு என்பார்கள், எல்லாவற்றுக்கும் தலையாய கோடு இது ஒன்றுதான்.

ஒரு பந்தை வெட்டுங்கள்

புத்தகத்து வரையறை இப்படி இருக்கும்: கோளக ஆடியின் ஆடி முனையையும் வளைவு மையத்தையும் சேர்க்கும் நேர்க்கோடு முதன்மை அச்சு. லென்ஸ் என்றால் அதன் இரண்டு பரப்புகளின் வளைவு மையங்களையும் சேர்க்கும் நேர்க்கோடு. இதைப் படித்துவிட்டுக் கண் முன்னால் எதுவும் தெரியவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், வளைவு மையம் காற்றில் எங்கோ நிற்கிற புள்ளி, படத்தில் மட்டும் பார்த்தால் பிடிபடாது.

அதனால்தான் பந்து. ரப்பர் பந்தின் ஒரு ஓரத்தைக் கத்தியால் தொப்பி மாதிரி சீவி எடுங்கள். அந்தத் தொப்பியின் உள்பக்கம் பளபளவென்று ஒளியை எதிரொளித்தால் அது குழியாடி, வெளிப்பக்கம் எதிரொளித்தால் குவியாடி. தொப்பியின் உச்சி, அதாவது பரப்பின் நடுப்புள்ளி, ஆடி முனை. சீவுவதற்கு முன் பந்தின் மையம் எங்கே இருந்ததோ அது வளைவு மையம். இரண்டையும் ஒரு ஊசியால் கோத்தால் ஊசி நிற்கிற நிலைதான் முதன்மை அச்சு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முழுப் பந்தாக இருந்தவரைக்கும் அதற்கு என்று தனி அச்சு கிடையாது, மையம் வழியாக எந்தக் கோடு போட்டாலும் எல்லாம் ஒரே மாதிரிதான். ஒரு துண்டைச் சீவி எடுத்த பிறகுதான், 'இந்தத் துண்டின் நடு' என்று ஒன்று வருகிறது, அதோடு அச்சும் வருகிறது. ஆடியின் கதை இது.

லென்ஸின் கதை கொஞ்சம் வேறு. இரண்டு தொப்பிகளை வாயோடு வாய் ஒட்டி வைத்தால் குவிலென்ஸ். இப்போது மையம் இரண்டு, ஒவ்வொரு பரப்புக்கும் ஒன்று. இரண்டு புள்ளி வழியாக ஒரே ஒரு நேர்க்கோடுதான் போட முடியும், ஆகவே அச்சு எங்கே என்பதில் நமக்கு இஷ்டமே இல்லை. லென்ஸின் விளிம்பை வட்டமாக வெட்டினாலும் சதுரமாக வெட்டினாலும் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்த்துவிட்டாலும் அந்த இரண்டு மையங்கள் நகர்வதில்லை, அச்சும் நகராது. லென்ஸ் துண்டின் வடிவத்து நடுவும் அச்சு போகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதை இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள், மூக்குக்கண்ணாடி பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும். ஒரு பக்கம் தட்டையான லென்ஸ் என்றால் தட்டைப் பக்கத்துக்கு மையம் கிடையாது, வளைந்த பக்கத்து மையத்திலிருந்து தட்டைப் பரப்புக்குச் செங்குத்தாகப் போகும் கோடு அச்சு.

குவியாடியில் இன்னொரு குழப்பம் வரும். வால்பாறை ஏறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள், அந்த மாதிரிப் பாதைகளில் திருப்பத்தில் பெரிய குவியாடி நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வளைவு மையமும் குவியமும் (குவியம் என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன்) ஆடிக்குப் பின்னால், ஒளி போகவே முடியாத பக்கத்தில் இருக்கின்றன. அச்சை ஆடிக்கு முன்னால் மட்டும் வரைந்து நிறுத்திவிடாமல் பின்பக்கமும் நீட்ட வேண்டியது அதனால்தான்.

லென்ஸில் அச்சைப் பிடிப்பது

இரண்டு கட்டமாகச் செய்யலாம். முதலில் புள்ளி, அப்புறம் திசை.

புள்ளிக்கு டைல்ஸ் தரை போதும். நான்கு டைல்ஸ் சந்திக்கும் மூலையில் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு வரும். நின்றுகொண்டு ஒரு கண்ணை மூடி, பூதக்கண்ணாடியைத் தரையிலிருந்து ஒரு ஐந்தாறு செ.மீ. உயரத்தில் படுக்கையாகப் பிடித்து அந்தக் குறியைப் பாருங்கள். லென்ஸுக்கு உள்ளே தெரிகிற கோடும் வெளியே தெரிகிற கோடும் விளிம்பில் ஒடிந்து ஒட்டாமல் நிற்கும். லென்ஸை மெதுவாக இடம் வலமாக நகர்த்துங்கள், ஓரிடத்தில் செங்குத்துக் கோடு உள்ளேயும் வெளியேயும் ஒரே கோடாகச் சேர்ந்துவிடும். அந்த நிலை கலையாமல் மேலும் கீழும் நகர்த்தினால் படுக்கைக் கோடும் சேர்ந்துவிடும். இரண்டும் ஒடியாமல் நேராக ஓடும் நிலையில், குறி சந்திக்கிற இடத்தில் லென்ஸ் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் ஒளியியல் மையம். அந்த இடத்தின் வழியாக வரும் ஒளி வளையாமல் நேராக வருகிறது, அதனால்தான் கோடு ஒடியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைகளில் கருவி இல்லாத காலத்திலிருந்தே கையில் செய்கிற வேலை இது.

புள்ளி கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு புள்ளியை வைத்து ஆயிரம் கோடு போடலாம். திசை வேண்டும். ராத்திரி, மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்த லென்ஸைப் பாருங்கள். வெளிச்சப் புள்ளி இரண்டு தெரியும். ஒன்று முன் பரப்பிலிருந்து, இன்னொன்று பின் பரப்பிலிருந்து திரும்பி வருவது. லென்ஸை இலேசாகச் சாய்த்தால் இரண்டும் எதிரெதிராக நகர்கின்றன, சரியாகச் சாய்த்தால் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்காரும். அப்போது உங்கள் கண் அச்சின் மேல் இருக்கிறது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வளைந்த பரப்பில் பட்ட ஒளி போன வழியே திரும்பி வர வேண்டும் என்றால் அது அந்தப் பரப்பின் வளைவு மையத்தைக் குறிவைத்துப் போயிருக்க வேண்டும். முன் பரப்பின் மையமும் பின் பரப்பின் மையமும் உங்கள் கண்ணோடு ஒரே கோட்டில் நிற்கும்போது மட்டும்தான் இரண்டு புள்ளியும் சேர முடியும். புத்தகத்து வரையறை அப்படியே கண்ணால் தெரிகிறது. அம்மணி இதைப் பார்த்த நிமிஷம் "சேந்துருச்சுங்க மாமா" என்று கத்தினாள், அவள் அம்மா என்னமோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்.

பிக் கிளாஸைப் பிடிப்பவர்களுக்கும் இது உதவும். துணி மேல் மடிப்பைப் பிரித்து வைத்து ஒரு இன்ச்சுக்குள் எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று எண்ணும்போது புதிதாக வந்தவர்கள் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். சாய்ந்து பார்த்தால் ஓரத்து இழைகள் வளைந்து நெருங்கித் தெரியும், கடைசி ஒன்றிரண்டு இழை சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வரும். லென்ஸுக்கு நேர் மேலே, அச்சின் மேல் கண்ணை வைத்தால் அந்தச் சிக்கலே இல்லை.

குவியம்: அச்சு எதற்கு என்று புரிகிற இடம்

முதன்மை அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் குவிலென்ஸில் புகுந்து அச்சின் மேல் ஒரு புள்ளியில் கூடுகின்றன, அது முதன்மைக் குவியம். லென்ஸிலிருந்து அதுவரை உள்ள தூரம் குவிய தூரம். வீட்டுக்குள் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால் வெளியே நிற்கும் தென்னை மரம் தலைகீழாகச் சுவரில் விழும். கூர்மையாகத் தெரியும்போது சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட குவிய தூரம். மரம் தூரத்தில் இருப்பதால் அதிலிருந்து வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன. லென்ஸைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், மரம் இழுபட்டுக் கலங்கிவிடும்.

சூரியனை வைத்தும் செய்யலாம், ஆனால் லென்ஸ் வழியாகச் சூரியனை எந்தக் காரணத்துக்கும் பார்க்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகவும் கூடாது, கண் போய்விடும். தாளில் விழும் சூரியப் புள்ளியை மட்டும் பாருங்கள். எவ்வளவு கூர்மையாக்கினாலும் அது புள்ளியாக ஆகாது. 20 செ.மீ. குவிய தூரம் என்றால் ஏறக்குறைய 2 மி.மீ. அகலத்துக்கு வட்டமாக நிற்கும். லென்ஸில் கோளாறு இல்லை. சூரியன் வானத்தில் அரை டிகிரிக்குச் சற்று அதிகமான அகலம் உடையது. அதன் நடுவிலிருந்து வரும் கதிர்தான் அச்சுக்கு இணை, விளிம்பிலிருந்து வருபவை கால் டிகிரி சாய்ந்து வருகின்றன. சாய்ந்து வரும் இணைக்கதிர்கள் அச்சின் மேல் கூடாமல், குவியத்தின் வழியாக அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும் குவியத் தளத்தில் சற்றுத் தள்ளிக் கூடும். அந்த 2 மி.மீ. வட்டம் சூரியனின் பிம்பம்.

இன்னொரு நிபந்தனையையும் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன: கதிர்கள் அச்சுக்கு அருகில் இருக்க வேண்டும். குழியாடியின் குவிய தூரம் வளைவு ஆரத்தில் பாதி என்பது அப்போதுதான் செல்லும். வளைவு ஆரம் 20 செ.மீ. உள்ள ஆடியை எடுத்துக்கொள்வோம். அச்சிலிருந்து 2 செ.மீ. தள்ளி இணையாக வரும் கதிர் ஆடி முனையிலிருந்து 9.95 செ.மீ. தூரத்தில் அச்சைத் தொடும், கிட்டத்தட்ட 10 என்றே வைத்துக்கொள்ளலாம். 10 செ.மீ. தள்ளி வரும் கதிரோ 8.45 செ.மீ.யிலேயே அச்சை வெட்டிவிடும். ஒன்றரை செ.மீ. வித்தியாசம். இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பேர். பாதி டீ உள்ள எவர்சில்வர் டம்ளரை ஒற்றை பல்புக்குக் கீழே வைத்தால் டீயின் மேல் இரண்டு வில் ஒரு கூர்மையில் சந்திக்கிற மாதிரி வெளிச்சக் கோடு விழுகிறதே, அது இதே கதைதான்: ஓரத்துக் கதிர்கள் ஒரே இடத்தில் கூடாமல் வழி நெடுகக் கூடுகின்றன. கூர்மையான அந்த நடு முனைதான் குவியம் இருக்கும் இடம்.

தாளில் வரையும்போது

முதலில் படுக்கையாக நீளமான கோடு ஒன்று, அதுதான் அச்சு. அதன் மேல் லென்ஸை நிறுத்தி, இரண்டு பக்கமும் குவியத்தையும் அதன் இரண்டு மடங்குத் தூரத்தையும் அளந்து குறியுங்கள். கண்ணால் மதிப்பிட்டுக் குறித்தால் கடைசியில் கதிர்கள் சேராது, அப்போது படத்தை வளைத்து ஒட்டவைக்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். ஸ்கேலை எடுங்கள்.

பொருளை அம்புக்குறியாக நிறுத்தும்போது அதன் அடி அச்சின் மேல் இருக்கும்படி வைக்கிறோம். ஏன் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அச்சின் மேல் இருக்கும் புள்ளியின் பிம்பம் அச்சின் மேலேயேதான் விழும், அதனால் அடிக்குக் கதிர் வரைய வேண்டிய வேலை மிச்சம், நுனிக்கு மட்டும் வரைந்தால் போதும். நுனியிலிருந்து அச்சுக்கு இணையாக ஒரு கதிர், லென்ஸைத் தாண்டியதும் குவியம் வழியாகப் போகும். இன்னொன்று ஒளியியல் மையம் வழியாக நேரே. இரண்டும் வெட்டுமிடத்தில் நுனியின் பிம்பம், அங்கிருந்து அச்சுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்கினால் முழுப் பிம்பம் கிடைத்துவிடும்.

ஒன்று செய்து பாருங்கள்: குவிய தூரம் 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தூரத்தில் 2 செ.மீ. உயரம். பிம்பம் மறுபக்கம் 30 செ.மீ.யில் தலைகீழாக 4 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். நோட்டில் இடம் பற்றாது, எல்லாத் தூரத்தையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

குறி விதியில் தடுமாறுபவர்கள் அச்சை ஒரு அளவுகோலாக நினைத்துக்கொண்டால் போதும். தூரம் எல்லாம் அச்சின் மேல், லென்ஸின் மையத்திலிருந்தோ ஆடி முனையிலிருந்தோ அளப்பது. ஒளி போகிற திசையில் அளந்தால் மிகை, எதிர்த்திசையில் குறை. உயரம் எல்லாம் அச்சுக்குச் செங்குத்தாக அளப்பது, மேலே மிகை, கீழே குறை. மேலே சொன்ன பொருளின் தூரம் ஆகவே குறை 15.

அப்புறம் ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும்: லென்ஸின் கீழ்ப் பாதியை அட்டையால் மறைத்தால் பிம்பத்தில் பாதி போய்விடுமா? போகாது. முழுப் பிம்பமும் இருக்கும், வெளிச்சம்தான் குறையும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி லென்ஸ் முழுவதிலும் விழுகிறது, நாம் வரையும் இரண்டு கதிர்கள் அதில் வசதிக்காகப் பொறுக்கி எடுத்தவை. தென்னை மரத்தைச் சுவரில் விழவைத்துவிட்டு அட்டையால் மறைத்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

மூக்குக்கண்ணாடியில் அச்சு தள்ளிப் போனால்

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 5 பவர். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் புதுக் கண்ணாடி போட்டேன், போட்ட நாளிலிருந்து மத்தியானத்துக்குள் நெற்றி வலி, துணியில் இழை எண்ணினால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். மூன்று வாரம் பழகிப் பார்த்தும் தீரவில்லை. ஒரு நாள் ராத்திரி டைல்ஸ் தரையில் அந்தக் கண்ணாடியைப் பிடித்து, மேலே சொன்ன அதே வழியில் இரண்டு பக்கமும் புள்ளி வைத்தேன். புள்ளிகளுக்கு இடையே 71 மி.மீ. இருந்தது. என் கண்மணிகளுக்கு இடையே 63. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 74 மி.மீ.க்குள் வரும் அளவு அது, கடைகளில் பி.டி. என்று எழுதுவார்கள். ஃபிரேம் பெரிதாக இருந்ததால் லென்ஸைக் கண்ணுக்குப் பொருத்தாமல் ஃபிரேமின் நடுவுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. தள்ளல்.

4 மி.மீ. பெரிதா என்று தோன்றும். கணக்குப் போடலாம். தள்ளலைச் செ.மீ.யில் எடுத்துப் பவரால் பெருக்கினால் எத்தனை பட்டக டயாப்டர் என்று வரும், பிரென்டிஸ் விதி என்று இதற்குப் பேர். 0.4 பெருக்கல் 5, ஆக 2. ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளை 2 செ.மீ. நகர்த்திக் காட்டும் என்று அர்த்தம். இரண்டு கண்ணுக்கும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால் மொத்தம் 4 செ.மீ. அந்த இரண்டு காட்சியையும் ஒன்றாக்கக் கண் தசைகள் காலையிலிருந்து ராத்திரி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. புள்ளி வைத்த கண்ணாடியோடு கடைக்குப் போய்க் காட்டினேன், அளந்து பார்த்துவிட்டு லென்ஸை மாற்றித் தந்தார்கள். வலி போய்விட்டது.

நீங்களும் உங்கள் கண்ணாடியில் இதைச் செய்து பார்க்கலாம். பவர் ஒன்று, ஒன்றரைக்குள் இருந்தால் சின்னத் தள்ளல் தொந்தரவு தராது. லென்ஸைச் சுற்றும்போது டைல்ஸ் கோடு சாய்ந்து சாய்ந்து வந்தால் உங்கள் கண்ணாடியில் சிலிண்டர் பவர் இருக்கிறது, அதற்கு எல்லாத் திசையிலும் வளைவு ஒரே அளவு இல்லை. புராக்ரசிவ் லென்ஸுக்கு இந்த வழி பொருந்தாது, அதற்கென்று வேறு குறிகள் உண்டு. கண் மருத்துவர் வேண்டுமென்றே பட்டகப் பவர் எழுதியிருந்தாலும் புள்ளி தள்ளித்தான் இருக்கும், அதைப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

சுழலும் பொருளுக்கும் ஒரு முதன்மை அச்சு

கல்லூரிக்குப் போனதும் இதே பேரில் இன்னொன்று வரும், அங்கே குழம்பாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் திடப்பொருளுக்கும் அதன் நிறை மையம் வழியாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று கோடுகள் உண்டு. அவற்றில் ஒன்றைச் சுற்றி அதைச் சுழலவிட்டால் தண்டையோ பேரிங்கையோ உலுக்காமல் சுழலும். அவையும் முதன்மை அச்சுகள்தான். 1755-ல் யோகான் செக்னர் பம்பரங்களை ஆராயும்போது கண்டு சொன்னது. ஒளிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் இங்கேயும் கோட்டைத் தீர்மானிப்பது பொருளின் அமைப்புதான்.

கோயம்புத்தூர் மோட்டார் பம்புசெட் ஊர், ஆகவே உதாரணத்துக்குத் தூரம் போக வேண்டாம். மோட்டாருக்குள் சுழலும் பாகம் ரோட்டர், அதைத் தாங்கும் தண்டு நாம் போட்ட கோடு. ரோட்டரின் முதன்மை அச்சு அதன் நிறை பரவியிருக்கும் விதத்தால் வந்த கோடு. இரண்டும் ஒன்றாக இருந்தால் மோட்டார் சத்தமில்லாமல் ஓடும். அச்சு தண்டுக்கு இணையாகச் சற்று விலகி இருந்தாலும், சாய்ந்து வெட்டினாலும் அதிர்வு வரும், பேரிங் சீக்கிரம் தேயும். ரோட்டரில் சிறு எடையைச் சேர்த்தோ குடைந்து எடுத்தோ பேலன்ஸ் செய்கிறார்களே, ரோட்டரின் அச்சைக் கொண்டுவந்து தண்டின் கோட்டில் உட்காரவைக்கிற வேலை அது. கார் சக்கரத்தில் ரிம்மின் உள்பக்கம் ஒரு வெயிட், வெளிப்பக்கம் ஒரு வெயிட் என்று ஒட்டுவதும் அதற்குத்தான், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் விலகலைச் சரிசெய்யலாம், சாய்வு அப்படியே நிற்கும். அதிர வைக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், அதனால் நிமிஷத்துக்கு 1440 சுற்றில் ஓடும் மோட்டாரில் தெரியாத குறை 2880 சுற்றில் நான்கு மடங்காக வந்து நிற்கும்.

படிகங்களைப் பற்றிப் படிக்கும்போது ஒளியியல் அச்சு என்று ஒன்று வரும், அது வேறு. கால்சைட் படிகத்தில் அது ஒரு திசை மட்டும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓடும் கோடு இல்லை. லென்ஸ் பேச்சில் ஒளியியல் அச்சு என்றால் பெரும்பாலும் முதன்மை அச்சையே சொல்கிறார்கள், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

சுழலும் பொருளின் மூன்று முதன்மை அச்சுகளையும் பார்க்க ஆசைப்பட்டால் அந்த நோட்டை எடுங்கள், பிரிந்துவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, கீழே கட்டில் இருக்கிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். முதலில் அட்டைக்குச் செங்குத்தான அச்சில், தட்டு சுழற்றுகிற மாதிரிச் சுழற்றி எறியுங்கள், சீராகச் சுழலும். அடுத்து நோட்டின் நீளவாக்கில், முறுக்குகிற மாதிரி, அதுவும் சீராகத்தான் சுழலும். மூன்றாவதாக, முன்னட்டை உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து, கீழ் விளிம்பைப் பிடித்தபடி மேல் விளிம்பு முன்னால் குட்டிக்கரணம் போடுகிற மாதிரி எறிந்து பிடியுங்கள். இது நடு அச்சு, சுழற்றுவதற்கு ஆகும் கடினம் மற்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கும். எவ்வளவு நிதானமாக எறிந்தாலும் நோட்டு காற்றில் பக்கவாட்டிலும் புரண்டுவிடும். விண்வெளி வீரர் விளாடிமிர் ஜானிபெகோவ் 1985-ல் சல்யூட் 7 நிலையத்தில் ஒரு காதுள்ள நட்டு மிதந்தபடி தானாகப் புரண்டு புரண்டு திரும்புவதைக் கவனித்தது இதே விஷயத்தைத்தான்.

அம்மணி அன்றைக்கு அவளுடைய கணக்கு நோட்டை ஒரு பத்துத் தடவையாவது எறிந்திருப்பாள். முன்னட்டை தெரிய எறிந்தாள், ஒரு கரணம் போட்டுக் கைக்கு வரும்போது பெரும்பாலும் பின்னட்டைதான் அவளைப் பார்த்தபடி வந்து நின்றது.